ஆனைக்குட்டம் பிரண்ட்ஸ் விலைக்குப் போன வாரம்

பாண்டிமீனாவுக்குக் கெட்ட வார்த்தை பேச வாரத்தில் தொண்ணூறு நிமிடம்தான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அவள் மரியாதையான பெண். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் போடுகிறாள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காலண்டரில் சாமியின் தலைக்குப் பின்னால் வரும் ஒளிவட்டம், எல்லாம் அவள் கைவேலை. பிரஸ் முதலாளி வந்து "இந்த மயிலு கொஞ்சம் சோகமா இருக்கும்மா" என்றால் மறுபேச்சில்லாமல் மயிலைச் சிரிக்கவைத்துக் கொடுப்பாள். வீட்டில் மாமியாருக்கும் "சரிங்கத்தை" தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஆனைக்குட்டம் அணைக்கட்டுப் பக்கத்து மைதானத்தில் விசில் ஊதியதும் அந்த மரியாதையைச் செருப்போடு கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள்.

அவளுடைய அணி ஆனைக்குட்டம் பிரண்ட்ஸ். மாவட்டக் கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷன், எட்டு அணிகளில் ஏழாவது இடம். எட்டாவது அணிக்குப் பல வாரம் ஆளே சேர்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி மணிகண்டராஜ் இந்த அணியை எடுத்துக்கொண்டார். விழாவுக்கு ஷாமியானா, மைக் செட், ஆளுயர மாலை எல்லாம் வந்தன. "அஞ்சு வருசத்துல இந்த டீமை எங்க கொண்டுபோய் நிறுத்துறேன்னு பாருங்க" என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மறுவாரம் அணியின் பெயர் ஹர்ஷினி கோல்டு எஃப்.சி. என்று ஆனது. ஹர்ஷினி அவருடைய மகள். கோல்டு அவருடைய கம்பெனியின் ஆயிரம் வாலா. புதுச் சின்னம் வரையும் ஆர்டர் பாண்டிமீனாவின் மேசைக்கே வந்தது. நடுவில் தரைச்சக்கரம், சக்கரத்துக்குள் பந்து, பந்தின் தலையில் கிரீடம். அழுதுகொண்டே அழகாகப் போட்டுக்கொடுத்தாள். ஆனால் ஊரில் ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. பிரண்ட்ஸ் பிரண்ட்ஸாகவே இருந்தது.

முதல் வருடம் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம், ஆட்டம் முடிந்தால் மட்டன் பிரியாணி, கேரளத்திலிருந்து ஒரு கோச். இரண்டாம் வருடம் பிரியாணி நின்றது. கோச் மூன்று மாதம் சம்பளம் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் பதினான்கு பந்துகளை வலையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பார்த்தவர்கள் யாரும் தடுக்கவில்லை. ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்.

மூன்றாம் வருடம் சம்பளம் பட்டாசாக மாறியது. மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பதில் ஆயிரம் ரூபாய் விலை போட்ட கிப்ட் பாக்ஸ் ஐந்து. பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடையில் விற்கும் விலைக்கும் ஒட்டும் உறவும் கிடையாது என்பது சிவகாசியில் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் போட்ட பெட்டி இருநூற்றைம்பதுக்குப் போனால் அதிர்ஷ்டம். கோல்கீப்பர் ஜெப்ரின் திருத்தங்கலில் ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தான். ஆறு மாதச் சம்பளம் முப்பது பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தது. அந்த அறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க அவன் மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. சம்பளத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கே ஒரு சம்பளம் வேண்டியிருந்தது.

ஆட்டக்காரர்களைப் பாண்டிமீனா திட்டியதே இல்லை. வெறும் வயிற்றோடு ஓடுகிறவனைத் திட்டி என்ன. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக ஓனருக்கென்று ஒரு மெரூன் சோபா போட்டிருக்கும். அந்த வருடம் முழுக்க அதில் யாரும் உட்காரவில்லை. அவள் அந்தச் சோபாவைப் பார்த்துத் திட்டுவாள். சோபாவின் அப்பா, தாத்தா, அது செய்யும் தொழில், அதன் தொந்தி, ஒன்றையும் விடமாட்டாள். ராஜபாளையத்துக்காரர்களிடம் நாலு கோல் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அவள் பேசிய பேச்சில் எதிரணி லைன்மேன் கொடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பிரஸ்ஸுக்கு ஒரு ஆர்டர் வந்தது. காரியாபட்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் விஜயதாரா ஸ்போர்ட்ஸ் அகாடமிக்குச் சின்னம், லெட்டர்பேடு, ஆட்ட அட்டவணை போஸ்டர். நீச்சல் குளம், ஏ.சி. விடுதி என்று பெற்றோரிடம் பெரிய பீஸ் வாங்குகிற இடம் அது. ஆர்டர் வந்தால் வரட்டும், ஆனால் மெயில் மணிகண்டராஜ் ஆபீஸிலிருந்து வந்திருந்தது. பாண்டிமீனா அட்டவணையைத் திறந்தாள். ஜூலை பதிமூன்று சாத்தூர், இருபது அருப்புக்கோட்டை, இருபத்தேழு ராஜபாளையம். அவள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பிரண்ட்ஸின் இரண்டாம் சுற்று அட்டவணை ஒட்டியிருந்தது. அதே தேதி, அதே ஊர், அதே வரிசை. பிரண்ட்ஸ் இருந்த இடத்தில் மட்டும் விஜயதாரா.

கீழ் டிவிஷனில் சேர்ந்து மேலே வர மூன்று வருடமாகும். பொறுமையில்லாதவர்கள் ஏற்கெனவே இருக்கிற இடத்தை விலைக்கு வாங்குவார்கள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை ஒருத்தர் விற்க, இன்னொருத்தர் வாங்கி, அதற்குச் சின்னம் வரையும் வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஆரோக்கியத்தைப் போனில் கூப்பிட்டாள். ஆரோக்கியம் எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் இருபது வருடமாக நர்ஸ். மைதானத்தில் பாண்டிமீனாவின் பக்கத்து இடம் அவளுடையது. தேவாலயத்துக்குப் போய்விட்டு நேராக வருவதால் அவள் வாயைத் திறக்கமாட்டாள், பாண்டிமீனா சொல்வதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள்.

சாயங்காலம் இருவரும் ஊர்க்காவலன் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தார்கள். விஷயத்தைக் கேட்ட ஊர்க்காவலன் கல்லில் கிடந்த பரோட்டாவை அடித்த அடியில் அது நாலாகப் போனது.

"விக்கிறதுக்கு அந்தாளு யாரு" என்றான். "அவரு பேர்லயா இருக்கு டீமு?"

ஆரோக்கியம் கையிலிருந்த பரோட்டாவைக் கீழே வைத்தாள். "இல்லல்ல. பதிவு சவரிராஜ் சார் பேர்லல்லா இருக்கு."

சவரிராஜ் மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு முன்னால் விருதுநகருக்குப் போய் அணியைச் சங்கமாகப் பதிவு செய்ததும், செயலாளர் என்று கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மணிகண்டராஜ் போர்டை மாற்றினார், ஜெர்சியை மாற்றினார். பதிவுக் காகிதத்தை மாற்ற அலைய வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டார். ஆக, விற்பதென்றால் சவரிராஜின் கையெழுத்து இல்லாமல் முடியாது. பாண்டிமீனாவுக்கு உயிர் வந்தது. ஆரோக்கியத்துக்கு வரவில்லை. சவரிராஜை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு "முடியாது" என்று சொல்ல வராது. கேட்டவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்று ஊரில் பத்தொன்பது ஞானப்பிள்ளைகள் அவருக்கு. கோயில் கமிட்டி, கல்லறைக் கமிட்டி, வீட்டுக்கடன் ஜாமீன், எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கும்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனார்கள். மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நாசரேத் போயிருந்ததால் அவர் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"மணி போன் பண்ணான்" என்றார். "வியாழக்கிழமை வாரேன் சார், ஒரு சின்னக் கையெழுத்துன்னான். சரின்னுட்டேன்."

"எதுக்குன்னு கேட்டீகளா சார்?" என்றாள் பாண்டிமீனா.

"கேட்டா அவன் சங்கடப்படுவான்லம்மா. எங்கிட்ட படிச்ச பையன்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதுக்காக இப்ப முடியாதுன்னு சொன்னா எப்படி" என்று அதோடு சேர்த்துச் சொன்னார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் காகிதம் லீக் ஆபீஸுக்குப் போகாவிட்டால் இந்த வருடம் கைமாற்ற முடியாது என்று ஊர்க்காவலன் விசாரித்துச் சொல்லியிருந்தான். ஆக, வியாழன், வெள்ளி, இரண்டே நாள் அவர் கையெழுத்துப் போடக்கூடாது. எங்காவது அனுப்பிவைக்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். வாயால் மறுக்கமாட்டார். அப்படியென்றால் கை மறுக்கட்டும் என்று பாண்டிமீனாவுக்குத் தோன்றியது. அவள் ஆரோக்கியத்தைப் பார்த்தாள். இருபது வருடத்தில் ஆயிரம் கையையாவது மாவுக்கட்டுக்குள் ஏற்றிய ஆரோக்கியம் முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு சரி என்றாள். சவரிராஜிடம் கேட்டார்கள். அவர் அதற்கும் முடியாது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் வாளி, பஞ்சு, மாவுத்துணி எல்லாவற்றோடும் ஆரோக்கியம் வந்தாள். முன்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் என்று வெள்ளையாகச் சுற்றிக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டாள். வேலை சுத்தம். சவரிராஜ் கட்டும்போது இரண்டு தடவை என்னவோ சொல்ல வாயெடுத்தார். "கையை ஆட்டாதீக சார்" என்றாள் ஆரோக்கியம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கார் வந்து நின்றது. பாண்டிமீனாவும் ஆரோக்கியமும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். மணிகண்டராஜ் ஒரு கவரில் ஆப்பிளும் இன்னொரு கவரில் காகிதமுமாக உள்ளே வந்தார். கனத்த ஆள். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன சார் இது. எங்க விழுந்தீக?"

சவரிராஜ் தன் கையைப் பார்த்தார். "விழலய்யா."

"அப்பறம்?"

"கட்டிருக்காக."

"விழாமலே எதுக்கு சார் கட்டுனாக?"

சமையலறையில் பாண்டிமீனா நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டாள். படிக்கட்டு, பாத்ரூம், சைக்கிள் என்று மூன்று பொய்களைக் காலையிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்றையும் அவர் ஒழுங்காக ஒப்பித்தும் காட்டியிருந்தார்.

"கையெழுத்து போடக்கூடாதுன்னு கட்டிருக்காகப்பா" என்றார் சவரிராஜ்.

 மணிகண்டராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தொந்தி குலுங்கியது. சிரிக்கிறார் என்று சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"சார், ஏழாப்புல அட்டெண்டன்ஸுல எம்பேருக்கு நேரா ஆப்சென்ட் போட்டுப் போட்டே என்னைய அப்பாட்ட அடி வாங்க வச்சீக. எந்தக் கையில போட்டீகன்னு எனக்கு மறக்குமா?" பேனாவை மூடி கழற்றிச் சவரிராஜின் இடது கையில் வைத்தார். "நீங்க எழுதுறது இந்தக் கையிலல்லா."

ஆரோக்கியம் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "சார், நீங்க இடது கையா?"

"ஆமாம்மா."

"கட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் அம்புட்டு மும்முரமா இருந்தீக. மனசு வரல."

இனி ஒளிந்து என்ன. பாண்டிமீனாவும் டீத் தட்டோடு வெளியே வந்தாள். மணிகண்டராஜ் அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"நீதானம்மா அந்தப் பிரஸ்ஸுல டிசைன் போடுறது."

"ஆமா மொதலாளி. விஜயதாரா போஸ்டரும் நான்தான் போடணும். இன்னும் போடல." டீயை நீட்டினாள். "எங்க டீமை எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லாம விக்கிறீகளே."

"ஒங்க டீமா? வருசத்துக்கு ஆறு லட்சம் போட்டவன் நான். கேட்டுல உங்க வசூல் எம்புட்டு தெரியுமா? தண்ணிக் கேனுக்குக் காணாது."

"அது மொத வருசம். இப்ப நீங்க போடுறதெல்லாம் பட்டாசு."

"பட்டாசுன்னா பணமில்லையா? பெட்டியில வெலை போட்டிருக்குல்ல?"

"அந்த வெலையப் போட்டதே நான்தான் மொதலாளி. நானூத்தம்பதுன்னு அனுப்பியிருந்தீக. அப்பறம் நீங்களே போன் பண்ணி ஆயிரமாக்கச் சொன்னீக."

மணிகண்டராஜ் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவர் குரல் இறங்கியது. "வடக்க போன லோடுல பாதி திரும்பி வந்துருச்சும்மா. நாலு ஷெட்டுல ரெண்டு ஷெட்டு பூட்டிக் கெடக்கு. வெளிய சொன்னா இருக்கிற ஆர்டரும் போயிரும். அகாடமிக்காரன் நாலு லட்சம் தாரேங்கான். நான் என்ன செய்ய?"

அது பொய்யில்லை என்று பாண்டிமீனாவுக்குத் தெரியும். அவர் கம்பெனி லேபிள் ஆர்டர் இரண்டு வருடமாகப் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை.

"கஷ்டம்னா மைதானத்துக்கு வந்து எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல. நீங்க வர்றதே இல்லயே."

"எப்படி வருவேன்?" மணிகண்டராஜ் அவளை நேராகப் பார்த்தார். "போன வருசம் ஹர்ஷினியக் கூட்டிட்டு ஒருநா வந்தேன். அப்ப மூணாப்பு படிச்சா. நாம தோத்தோம். திரும்பிப் போறப்ப கார்ல ஒரு வார்த்தையச் சொல்லி, அப்பாவ ஒரு அத்தை இப்படிச் சொன்னாகளே, அப்படின்னா என்னப்பான்னு கேட்டா."

 சவரிராஜ் முன்னாலிருந்த காகிதத்தின்மேல் குனிந்துகொண்டார். பாண்டிமீனாவுக்குக் காதுமடல் சுட்டது. அவள் வார்த்தைகளில் எது என்று யோசித்துப் பார்த்தாள். எதுவாக இருந்தாலும் மூன்றாம் வகுப்புக்கு ஆகாது.

"என்ன சொன்னீக?" என்றாள் மெதுவாக.

"மலையாளம்னு சொன்னேன். கோச்சுட்ட பேசுறாகன்னு."

ஆரோக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி சமையலறைக்குள் போனாள்.

"பிள்ளைய வச்சுக்கிட்டுப் பேசுனது என் தப்பு" என்றாள் பாண்டிமீனா. "ஒங்களச் சொன்னது தப்பில்ல."

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது சவரிராஜ் இடது கையில் பேனாவோடு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் படிப்பு. ஒவ்வொரு வரிக்கும் கீழே பேனா முனை நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றது.

"மணி, 'ஆட்டக்காரர் எவருக்கும் சம்பளப் பாக்கி எதுவும் இல்லை'ன்னு போட்டிருக்கே."

"அது சும்மா ஒரு வரி சார். வக்கீல் போட்டது."

"ஜெப்ரினுக்குப் பாக்கி இருக்குல்ல?"

"பொருளா குடுத்தாச்சு சார்."

"அப்படின்னா அந்த நாலு லட்சத்த அகாடமிக்காரன்ட்ட நீங்களும் பட்டாசாவே வாங்கிக்கங்களேன்" என்றாள் பாண்டிமீனா.

மணிகண்டராஜ் அவள் பக்கம் திரும்பவில்லை. "சார், கையெழுத்து மட்டும் போடுங்க. பெறகு பாத்துக்கிடலாம்."

"பொய்யாப் போயிருமேப்பா" என்றார் சவரிராஜ். "நீ பாக்கியத் தீத்துட்டுக் கொண்டா. இப்பமே போடுறேன். இல்லன்னா இந்த வரிய அடிச்சுரு."

"அந்த வரி இல்லன்னா அவன் வாங்கமாட்டான் சார்."

மணிகண்டராஜ் போனை எடுத்தார். பதினாறு பேர், ஆறு மாதம், ஐயாயிரம். போனில் வந்த எண்ணைப் பார்த்தார். மறுபடி தட்டினார். நாலு லட்சத்து எண்பதாயிரம். விற்கிற விலையைவிட எண்பதாயிரம் கூட. சம்பளத்தைக் கொடுத்துவிட்டு விற்றால் கைக்காசு போகும். கொடுக்காமல் விற்க முடியாது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சார், எனக்காக. ஒரே ஒரு கையெழுத்து."

பாண்டிமீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் குரலுக்குத்தான் பத்தொன்பது ஞானப்பிள்ளைகளும் ஏழு ஜாமீனும். சவரிராஜ் பழைய மாணவனின் முகத்தைப் பார்த்தார். அது அழுகிற மாதிரி போகத் தொடங்கியிருந்தது. 

"முடியாதுய்யா" என்றார்.

சொன்ன பிறகு மற்ற எல்லாரையும்விட அவர்தான் அதிகம் ஆடிப்போனார். ஆரோக்கியம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் செம்பையும் குடித்தார்.

மணிகண்டராஜ் எழுந்தார். கோபத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "அப்ப நீங்களே வச்சுக்கங்க. நாளையிலயிருந்து ஒத்தப் பைசா கெடையாது. சேர்மனும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

"அதை எழுதிக் குடுத்துட்டுப் போங்க மொதலாளி" என்றாள் பாண்டிமீனா.

அந்தச் சூட்டில் அவர் எழுதியே கொடுத்துவிட்டார். இன்று முதல் அணிக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பெயர், சின்னம் எதிலும் உரிமை இல்லை என்று நாலு வரி. கீழே சவரிராஜ் செயலாளர் என்று இடது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டார். வாசலுக்குப் போன மணிகண்டராஜ் திரும்பி வந்து, ஆப்பிள் கவரை மேசையில் சரியாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். என்ன இருந்தாலும் வாத்தியார் வீடு.

மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. எதை ஜெயித்தோம் என்று பாண்டிமீனா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பந்து இல்லை. கோச் இல்லை. ஜெர்சி முழுக்கத் தரைச்சக்கரம். லீக்குக்கு இரண்டாம் சுற்றுக் கட்டணம் ஏழாயிரம் கட்ட வேண்டும். ஆரோக்கியம் கத்தரியை எடுத்துக் கட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பரோட்டாக் கடையில் கூட்டம் போட்டார்கள். வழக்கமாக மைதானத்துக்கு வரும் அறுபது பேரில் பதினெட்டுப் பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் பரோட்டா சாப்பிட வந்தவர்கள். பாண்டிமீனாவைப் பொருளாளராக்கினார்கள். கணக்கு வரும் என்பதால் இல்லை. அவளிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் இருக்காது என்பதால். தலைக்கு ஐந்நூறு என்று வசூலித்துக் கட்டணத்தைக் கட்டினார்கள். லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, ஆட்டக்காரர்களின் பெட்டிகளை எல்லாம் ஒரே விலையாக இருநூற்றுக்கு எடுக்கவைத்தாள். அந்தப் பணம் அப்படியே அவர்கள் கைக்குப் போனது. ஜெப்ரின் வீட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு அடுப்பு எரிந்தது. மணிகண்டராஜ் தரவேண்டிய மீதிக்குச் சவரிராஜ் வாரம் ஒருமுறை போன் போட்டார். இரண்டு மாதச் சம்பளம் வந்தது. மீதி வரவில்லை.

இடத்தை வாங்க முடியாத விஜயதாரா ஆட்களை வாங்கத் தொடங்கியது. முதலில் ஜெப்ரினைத்தான் கூப்பிட்டார்கள். அவன் பிரஸ் வாசலில் வந்து நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பத்தாயிரம் தாராகக்கா. தங்க வீடும் தாராக."

பாண்டிமீனாவுக்கு வாய்வரை வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதுவும் இல்லாமல், அவனை நிறுத்திவைக்க அவளிடம் என்ன இருந்தது?

"ரூவாயாத் தாராகளா?"

"ரூவாதாங்கா. பேங்க்ல போட்டுருவாக."

"போயிட்டு வா" என்றாள். "மூணு வருசம் கழிச்சு மேல ஏறி நம்மகூட ஆட வாரப்ப மட்டும் நாலு கோல விட்ரு."

அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கையுறைகளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவள் வரைந்த மயில் ரொம்பச் சோகமாக இருந்தது. முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை பதிமூன்று, சாத்தூரோடு ஆட்டம். ஜெர்சியில் இருந்த தரைச்சக்கரத்தின் மேல் பிரண்ட்ஸ் என்று துணி வெட்டித் தைத்திருந்தார்கள். ஜெப்ரினைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் போய்விட்டதால் ஊர்க்காவலனே கோலுக்கு நின்றான். கல்லுக்கு முன்னால் நின்ற பழக்கத்தில் பந்து வந்தால் பிடிக்காமல் அடித்தான். சில அடி நன்றாகவே இருந்தது. மற்றதெல்லாம் உள்ளே போனது. பாதி ஆட்டத்தில் மூன்று. இரண்டாம் பாதியில் சாத்தூர்த் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தலையால் தட்டிய பந்து தவறித் தன் வலைக்குள்ளேயே போய்விழ, பிரண்ட்ஸ் கணக்கில் ஒரு கோல் ஏறியது. ஏழு வாரத்தில் முதல் கோல். சவரிராஜ் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். ஆரோக்கியம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். பாண்டிமீனா குரல் கட்டும்வரை கத்தினாள், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல்.

அதற்குப் பிறகு சாத்தூர் இன்னும் இரண்டு போட்டது. ஐந்துக்கு ஒன்று.

அப்போதுதான் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. முன்பின் பார்க்காத மீசைக்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே, இந்த டீமுக்கு ஓனருன்னு ஒருத்தன் இருக்கானா செத்துட்டானா? பரோட்டா மாஸ்டர நிறுத்திருக்கானே, அவனுக்கு வெக்கமா இல்ல?"

பாண்டிமீனா பழக்கத்தில் ஓனரைத் தேடித் திரும்பினாள். அவர் திட்டுவது தங்களைத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. மனிதர் நிறுத்துவதாகவும் இல்லை. அவள் தன்னைவிடத் திறமைசாலி ஒருவரை அன்றைக்குத்தான் கேட்டாள். அவருடைய சில சொற்கள் அவளுக்கே புதிது.

டிக்கெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தீகளா?"

"இல்ல. கேட்டுல ஆள் இல்லயே."

"கேட்டுக்கும் நான்தான். இருவது ரூவா. குடுத்துட்டுத் திட்டுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டி, சில்லறை வேண்டாம், இன்னும் பத்து நிமிடம் ஆட்டம் இருக்கிறது, மீதிக்குத் திட்டிக்கொள்கிறேன் என்றார்.